நாய் விளையாடக் கூடாது என்று விதி இருக்கிறதா?

மே மாதம் காவேரிப்பட்டணத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாங்காய் சீசன். அத்தான் விடியற்காலையிலேயே மண்டிக்குக் கிளம்பிவிட்டார். அக்கா மகன் ஏழாவது முடித்தவன். உச்சி வெயிலில் வெளியே விடமாட்டார்கள் என்பதால் திண்ணையில் படுத்துக்கொண்டு செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாய் கூடைப்பந்து ஆடுகிற பழைய அமெரிக்கப் படம். படம் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேட்டான்: "மாமா, நாய் விளையாடக் கூடாதுன்னு நிஜமாவே ரூல்ஸ்ல இல்லையா?"

"இருக்காது மாப்ள" என்று சொல்லிவிட்டேன். ஆனால் சொன்ன பதில் எனக்கே சரியாகப் படவில்லை. குழந்தை மனதாரக் கேட்ட கேள்விக்கு மனதார ஒரு பதில் வேண்டும். தேடிப் பார்க்கப் பார்க்க, அந்தச் சின்னக் கேள்வி விளையாட்டு, சட்டம், நம் ஊர்க் காளைகள் என்று எங்கெங்கோ போனது.

முதலில் படம். பெயர் 'ஏர் பட்'. 1997 ஆகஸ்டில் வந்தது. டிஸ்னி வெளியீடு, இயக்கியவர் சார்லஸ் மார்ட்டின் ஸ்மித். விமான விபத்தில் அப்பாவை இழந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஜாஷ், அம்மாவோடும் தங்கச்சியோடும் புது ஊருக்குக் குடிவருகிறான். யாரோடும் பேசுவதில்லை. கூடைப்பந்து ஆடத் தெரியும், ஆனால் பள்ளி அணியில் ஆட வாய்ப்புக் கேட்கக் கூச்சம். அணிக்குத் துண்டும் தண்ணீரும் எடுத்துக் கொடுக்கிற வேலையோடு நின்றுவிடுகிறான். அதே ஊரில், குழந்தைகளின் பிறந்தநாள் விழாக்களில் கோமாளி வேடம் போடுகிற ஒருவனிடம் அடி வாங்கித் தப்பி வந்த ஒரு நாய் இருக்கிறது. இரண்டுக்கும் நட்பாகிறது. பந்தை வீசினால் அந்த நாய் வளையத்துக்குள் தட்டிவிடுகிறது என்று பையன் கண்டுபிடிக்கிறான். பள்ளியைப் பராமரிக்கிற வேலையில் இருக்கும் பெரியவர் ஒருவர் அந்தக் காலத்தில் பெரிய கூடைப்பந்து வீரர் என்று தெரியவந்து, பயிற்சியாளராகிறார். கடைசிப் போட்டியில் நாய் ஆட்டத்துக்குள் வருகிறது. எதிரணி ஆட்சேபிக்கிறது. நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டுகிறார். நாய் ஆடக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

குழந்தைகள் கைதட்டுகிற இடம் இதுதான். இந்த வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் இந்த இடம்தான் அச்சாணி. 1976-ல் இதே டிஸ்னி 'கஸ்' என்று ஒரு படம் எடுத்தது. யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஒரு கோவேறு கழுதை அமெரிக்கக் கால்பந்தில் நூறு கெஜம் தாண்டி உதைக்கும். 2000-ல் ஒரு சிம்பன்சியை ஐஸ் ஹாக்கி ஆடவைத்து 'எம்.வி.பி.' வந்தது. ஏர் பட்டுக்கே அடுத்தடுத்து நான்கு தொடர்ச்சிகள்: அமெரிக்கக் கால்பந்து, கால்பந்து, பேஸ்பால், கடற்கரைக் கைப்பந்து. தோற்றுக்கொண்டிருக்கும் அணி, அப்பா இல்லாத அல்லது ஒதுக்கப்பட்ட குழந்தை, அதிசயத் திறமையுள்ள ஒரு பிராணி, அதை அடைய நினைக்கிற பேராசைக்காரன் என்று வகை ஒன்றேதான்.

சரி, விதி உண்மையிலேயே இல்லையா? இருக்கிறது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நைஸ்மித். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், பனிக்காலத்தில் மாணவர்களைக் கட்டடத்துக்குள் ஆடவைக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்று யோசித்து 13 விதிகள் எழுதினார். முதல் விதியே பந்தை ஒரு கையாலோ இரு கைகளாலோ எந்தத் திசையிலும் வீசலாம் என்பதுதான். இன்றைய சர்வதேசக் கூட்டமைப்பின் விதியும் பந்தைக் கையால் மட்டுமே ஆட வேண்டும் என்கிறது. அப்படியானால் மூக்கால் தட்டுகிற நாய்க்கு இடம் இல்லை. நாயைத் தடுக்க "நாய்" என்ற சொல் விதியில் வரவேண்டிய அவசியமே இல்லை, "கை" என்ற சொல்லே போதும். படத்து நடுவர் முதல் பக்கத்தைச் சரியாகப் படித்திருந்தால் படம் அங்கேயே முடிந்திருக்கும்.

நம் கபடியில் இது இன்னும் தெளிவு. மருமகனிடம் இதைச் சொன்னபோது அவனே கணக்குப் போட்டான். ஓர் அணிக்குக் களத்தில் ஏழு பேர். பாடிப் போகிறவனுக்கு 30 நொடி. அந்த 30 நொடியும் "கபடி கபடி" என்று நடுவர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், பாட்டு விட்டால் அவுட். எந்த நாயும் கபடி என்று சொல்லாது. "ஆனா மாமா, பிடிக்கிற பக்கம் நிக்கலாமே! பிடிக்கிறவங்க பாட வேண்டாம்ல?" என்றான். நான் அதை யோசித்திருக்கவில்லை. பிடிக்கிறவர்கள் ஆட்டத்துக்குக் கை, கால், பல் பற்றி வேறு விதிகள் உண்டு, கடித்தால் நடுவர் விடமாட்டார். ஆனாலும் பன்னிரண்டு வயதில் விதிக்குள் ஒரு சந்து கண்டுபிடித்தானே, அந்த மகிழ்ச்சிக்காகத்தான் இந்தப் படங்கள் எடுக்கப்படுகின்றன என்று எனக்குத் தோன்றியது. குழந்தைகள் விதிகளுக்கு நடுவில்தான் வாழ்கிறார்கள். அங்கே போகாதே, இதைத் தொடாதே, உனக்கு வயசு பத்தாது. பெரியவர்கள் எழுதிய புத்தகத்தில் பெரியவர்கள் மறந்துபோன ஓர் இடம் இருக்கிறது என்றால் அது அவர்களுக்குத் திருவிழா.

ஆனால் அது மட்டும் போதாது. வெறும் சந்து மட்டும் இருந்தால் படம் துணுக்காகிவிடும். ஏர் பட்டில் நெஞ்சைத் தொடுகிற ஏதோ ஒன்று இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அந்த நாயின் கதைக்குள் போக வேண்டும்.

பட்டி என்கிற அந்த கோல்டன் ரெட்ரீவர் உண்மையாகவே ஒரு தெருநாய் போலத்தான் கிடைத்தது. 1989-ல் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைப்பகுதியில் கெவின் டிசிக்கோ என்பவர் அதைக் கண்டெடுத்தார். அழுக்கும் பசியுமாக வந்த நாய், பந்தைக் கண்டால் விடாது. அவர் கூடைப்பந்து மட்டுமல்ல, பேஸ்பால், கால்பந்து, ஹாக்கி என்று பலவற்றைப் பழக்கினார். வீட்டில் எடுத்த வீடியோக்கள் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போய், அங்கிருந்து சினிமாவுக்கு வந்தது. படத்தில் வளையத்துக்குள் பந்து போவது ஏமாற்று வேலை இல்லை. வீசிய பந்தை முகத்தால் மேலே தட்டி, திரும்பத் திரும்பச் செய்து, விழுந்ததைப் படம்பிடித்தார்கள்.

இது ஏன் ஒரு ரெட்ரீவருக்கு வருகிறது? 1860-களில் ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு வளர்த்தெடுத்த இனம் அது. சுட்டு விழுந்த பறவையைத் தேடிப் போய், பல் படாமல் கவ்வி, எஜமானன் காலடியில் வைப்பதுதான் அதன் தொழில். வாயில் பொருளை வைத்துக்கொண்டு மனிதனைத் தேடி வருவது அதற்குச் சொல்லிக் கொடுக்கிற விஷயமே அல்ல, பிறவிக் குணம். பறக்கிற பொருளைப் பிடிப்பதிலும் நாய்கள் கெட்டி. தட்டு எறிந்து நாய்களைப் பிடிக்கவைத்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வு, பேஸ்பால் ஆட்டக்காரன் உயரத்தில் வருகிற பந்தைப் பிடிக்க ஓடுகிற அதே உத்தியில்தான் நாயும் ஓடுகிறது என்று காட்டியது. பந்தின் பாதை தன் கண்ணுக்கு நேர்க்கோடாகத் தெரிகிற மாதிரி ஓட்டத்தைச் சரிசெய்துகொண்டே போவது அந்த உத்தி. நிறம்தான் நாய்க்குப் பெரிய உதவி செய்யாது. நீலமும் மஞ்சளும் தெரியும், ஆரஞ்சு நிறப் பந்து அதற்கு ஒரு மங்கல் மஞ்சள். ஆனால் அசைவு தெரியும், நம்மைவிட நன்றாக.

மற்றதெல்லாம் பொறுமை. நாய்க்குக் கதை தெரியாது. ஒரு காட்சி என்பது அதற்கு ஐந்தாறு தனித்தனி வேலைகள்: இங்கிருந்து அங்கே போ, உட்கார், தலையைச் சாய், வாயைத் திற. ஒவ்வொன்றையும் துண்டு துண்டாகப் பழக்கி, சரியாகச் செய்தவுடன் ஒரு தின்பண்டமோ பந்தோ கொடுத்து, பிறகு கோத்துவிடுவார்கள். அடுத்த தடவை இந்த மாதிரிப் படம் பார்க்கும்போது நாயின் கண்ணைப் பாருங்கள். பையனை உருக்கமாகப் பார்ப்பது போல இருக்கும். உண்மையில் பார்வை அவன் தோளைத் தாண்டி, கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிற பழக்குனர் கையில் இருக்கும்.

ஆனால் பந்து வருகிற காட்சியில் மட்டும் அப்படி இல்லை. அப்போது நாய் யாரையும் பார்ப்பதில்லை, பந்தைத்தான் பார்க்கிறது. நான் சொல்லவந்தது இதைத்தான். ஸ்கோர் எவ்வளவு, நேரம் எவ்வளவு பாக்கி, தோற்றால் என்ன ஆகும் என்று எதுவும் தெரியாமல், அந்தப் பந்துக்காக மட்டும் துள்ளுகிற ஓர் உயிர் அந்த மைதானத்தில் இருக்கிறது. மகனை இழுத்துப்போட்டு வெற்றி வெற்றி என்று அரற்றுகிற பெற்றோர்கள், பந்தால் பையன்களை அடித்துப் பழக்குகிற பழைய பயிற்சியாளர், இவர்கள் நடுவில் ஆசைக்காக ஆடுகிற ஒரே ஆள் அந்த நாய்தான். அப்பா போன துக்கத்தில் ஆட்டத்தையே விட்டுவிட்ட பையன் அதைப் பார்த்துத்தான் மறுபடி பந்தைத் தொடுகிறான்.

இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் சிம்பன்சிப் படங்கள் எனக்குப் பிடிக்காமல் போவதற்கும் காரணம் கிடைக்கிறது. சிம்பன்சி பல்லைக் காட்டினால் நாம் சிரிப்பு என்று நினைக்கிறோம், அது பெரும்பாலும் பயத்தின் முகம். வளர்ந்த சிம்பன்சியைக் கையாள முடியாது என்பதால் சினிமாவுக்கு வருவது குட்டிகள், தாயிடமிருந்து சீக்கிரமே பிரிக்கப்பட்டவை. அதற்கு மட்டையிலும் பனியிலும் என்ன ஆசை இருக்கும்? அதனால்தான் சிரிப்பு வந்தாலும் மனது ஒட்டுவதில்லை. 2011-க்குப் பிறகு பெரிய படங்களில் மனிதன் நடித்து, கணினி அதைக் குரங்காக்கிவிடுகிறது. நல்லதுதான்.

நம்மிடம் இந்த மரபு இல்லாமல் இல்லை. சாண்டோ சின்னப்பா தேவரை மறந்துவிட்டு தமிழில் பிராணிகள் நடித்த படங்களைப் பற்றிப் பேச முடியாது. 1956-ல் அவருடைய முதல் தயாரிப்பிலேயே எம்.ஜி.ஆர். காளையை அடக்குவார். 1971-ல் இந்தியில் ராஜேஷ் கன்னாவை யானைகளோடு நடிக்கவைத்தார், அடுத்த ஆண்டு அதே கதை தமிழில் 'நல்ல நேரம்' ஆனது. 1977-ல் ஓர் ஆடு கதாநாயகியோடு போட்டி போட்டு நடித்தது. எங்கள் அம்மா தலைமுறைக்கு அந்த ஆடு ஒரு நட்சத்திரம். ஆனால் அவற்றில் பிராணிகள் பழிவாங்கும், காப்பாற்றும், வித்தை காட்டிச் சம்பாதிக்கும். அணியில் ஓர் ஆளாக நின்று விளையாடுவது நம் சினிமாவில் அபூர்வம்.

இன்றைக்கு ஒருவர் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அப்படி ஒரு படம் எடுக்க நினைத்தால் மறுபடி அதே கேள்விதான் வாசலில் நிற்கும்: விதி இருக்கிறதா? இங்கே இருக்கிறது, எழுத்தில். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு, எந்தெந்தப் பிராணிகளை வித்தைக்குப் பழக்கக் கூடாது, காட்சிக்கு வைக்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கலாம் என்கிறது. 1991 மார்ச்சில் வந்த அறிவிக்கையில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, அதோடு நாயும் இருந்தது. ஆம், நாய். அது வழக்கானது. 1998-ல் வந்த புதிய அறிவிக்கையில் நாயை எடுத்துவிட்டு சிங்கத்தைச் சேர்த்தார்கள். மருமகன் கேட்ட கேள்விக்கு இந்தியாவில் ஒரு காலத்தில் "இருக்கிறது தம்பி, நாய் பெயரே போட்டு இருக்கிறது" என்றுதான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது நாயை நடிக்கவைக்கலாம். ஆனால் 2001-ம் ஆண்டு விதிகளின்படி விலங்குகள் நல வாரியத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். என்ன பிராணி, என்ன வயது, என்ன செய்யப்போகிறது, எவ்வளவு நேரம், கால்நடை மருத்துவர் சான்று, எல்லாம் கேட்பார்கள். இந்த வாரியம் 1962-ல் சென்னையில்தான் தொடங்கியது. முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல். 2018-ல் அலுவலகம் ஹரியானாவுக்குப் போனது. நம் ஊர்ப் படக்குழுக்களுக்கு அது தூரமாகிவிட்டது என்கிற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் அந்த அனுமதி வேண்டியதுதான். பிராணிக்கு வாய் இல்லை, அதற்காகக் கேட்க யாராவது வேண்டும்.

வித்தைக்குப் பழக்கக் கூடாத பிராணிகளின் அந்தப் பட்டியலில் 2011 ஜூலையில் காளையும் சேர்ந்தது. அதன் பிறகு நடந்தது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும்: 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றத் தடை, 2017 ஜனவரியில் மெரினா, மாநிலச் சட்டத் திருத்தம், 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வின் ஒப்புதல். மெரினாவில் பேசப்பட்டது ஜல்லிக்கட்டு. எங்கள் பக்கம் நடப்பது எருது விடும் விழா. இரண்டும் ஒன்றல்ல. இங்கே யாரும் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்குவது போட்டி இல்லை. இருபுறமும் தடுப்புக் கட்டிய பாதையில் காளை ஓட வேண்டும். எந்தக் காளை குறைந்த நொடியில் கடக்கிறதோ அதற்குப் பரிசு. ஓசூர், சூளகிரிப் பக்கம் கொம்பில் அலங்காரத் தட்டி கட்டிவிடுவார்கள், இளைஞர்கள் அதைப் பறிக்கப் பார்ப்பார்கள். 2023 பிப்ரவரி 2-ம் தேதி கோபசந்திரத்தில் விழாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று பெங்களூர் நெடுஞ்சாலையையே மறித்தார்கள். கல்லெறிந்தது தப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு மாட்டின் ஓட்டத்துக்காக ஒரு ஊரே சாலைக்கு வருகிற அளவுக்கு இங்கே மாடு ஒரு விளையாட்டு வீரன்.

காளையை வளர்க்கிறவர்கள் பேசுவதைக் கேட்டால் புரியும். பருத்திக்கொட்டை, தவிடு, காலையில் நடை, ஏரியில் நீச்சல். "எங்க பையன் இந்த வாட்டி பத்து செகண்டுக்குள்ள வருவான்" என்று சொல்லும்போது பையன் என்றால் மாடு. இங்கேயும் அதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காளைக்கு ஓட ஆசையா, பயமா? வாலைத் திருகுவது, கண்ணில் எதையாவது தூவுவது போன்ற கொடுமைகளை 2014 தீர்ப்பு பட்டியலிட்டது, அதை இல்லை என்று தள்ளிவிட முடியாது. அதற்காகத்தான் இப்போதைய விதிகளில் கால்நடை மருத்துவர் சோதனை இருக்கிறது. தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் நின்று பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கயிறு அவிழ்ந்ததும் காதை முன்னால் நீட்டி நேராகப் போகிற மாடு உண்டு, திகைத்து நின்று கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிற மாடும் உண்டு. இரண்டாவது வகையை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும்.

பிராணியின் திறமையை நினைவில் வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆநிரை மீட்டுச் செத்தவர்களுக்கு நட்ட நடுகற்கள் ஏராளம். அரூரிலிருந்து திருவண்ணாமலை போகிற பக்கம், தண்டராம்பட்டு வட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-வது ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரன் வில்லோடு நிற்கிறான், பின்னால் ஒரு நாய். கல்லின் ஓரத்தில் நாய்க்கும் தனி எழுத்து: கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று. பெயரோடு. ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு வருடம் கல்லில் வைத்திருக்கிற ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம்.

பட்டிக்கும் ஒரு கதை பாக்கி இருக்கிறது. படம் வந்த அதே ஆண்டு புற்றுநோயால் பின்னங்கால் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. 1998 பிப்ரவரியில் இறந்துவிட்டது. அடுத்த படங்களில் ஆடியது வேறு நாய்கள். மருமகனிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்து, கடைசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான், "கோர்ட்ல ஜட்ஜ் நாயையே முடிவு பண்ணச் சொல்வார்ல மாமா, அது நல்லா இருந்துச்சுல்ல?"

நன்றாகத்தான் இருந்தது. கோமாளி நாய் தன்னுடையது என்று வழக்குப் போடுவான். நீதிபதி நாயை நடுவில் விட்டு, அது யாரிடம் போகிறதோ அவர்களுக்கே என்பார். எங்கள் கைதட்டல் பந்து வளையத்தில் விழுந்தபோது வந்ததைவிட அங்கேதான் அதிகம். விதிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நாயைக் கேட்கிற இடம் அது.

வெயில் தாழ்ந்ததும் அவன் கூட்டாளிகளோடு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனான், நானும் போனேன். கபடிக் கோடு சுண்ணாம்பில் போட்டிருந்தார்கள். ஆறு பேர்தான் சேர்ந்தார்கள், ஏழாவது ஆளாகத் தெருவில் திரிகிற மணியை நிறுத்தினார்கள். பிடிக்கிற பக்கம். முதல் ஆள் பாடிக்கொண்டு வந்தபோது மணி குரைத்துக்கொண்டே கூட ஓடியது, அவனுக்குச் சிரிப்பு வந்து பாட்டு விட்டுப்போனது. ஒரு பாயிண்ட். இரண்டாவது ஆளுக்கும் ஓடியது. மூன்றாவது ஆள் வரும்போது வேலியோரம் ஏதோ வாசம் பிடித்து, கோட்டைத் தாண்டி நடந்துபோய், புளியமரத்தடியில் படுத்துக்கொண்டது.

கோட்டைத் தாண்டினால் அவுட். யாரும் அவுட் சொல்லவில்லை.